சின்ன வேனுக்குள் படுக்கை, பெட்டி, மேசை எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டையில் இருப்பதாகவும், ஐந்து பேர் அமரும் பழைய வேன் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், கணவனும் மனைவியுமாக இரண்டு மூன்று இரவுகள் வெளியூரில் தங்கிவரும்படி அதன் உட்புறத்தைத் தாமே மாற்றிக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். தாராளமாக முடியும். நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வெறும் இரும்புக் கூடாக வரும் ரயில் பெட்டிக்குள் 72 பேர் படுத்துச் செல்ல இடம் அமைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் பழக்கத்தை வைத்து ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: வீட்டு அலமாரி நின்ற இடத்தில் நிற்கிறது, வண்டிக்குள் இருக்கும் அலமாரியோ ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வீட்டுக்குச் செய்வதைப்போல் வண்டிக்குச் செய்யக் கூடாது.

இத்தனை வருட அனுபவம் இருந்தும், என் சொந்த வண்டிக்குச் செய்தபோது நானே இதை மறந்துபோனேன். சமையலறை இழுப்பறைக்குப் போடுவதுபோல், வழுக்கி ஓடும் இரும்புத் தண்டவாளமான பால்பேரிங் சேனலும், கதவுகளுக்குக் காந்தக் கேட்சும் போட்டு, மிகவும் அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு, பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குழியாகிக் கிடந்த சாலையில் ஒரு குலுங்கு குலுங்கியதும் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. அடுத்து பிரேக் போட்டதும் இழுப்பறை முழுவதும் வெளியே வந்து, அதிலிருந்த துவரம்பருப்பு டப்பா உருண்டு என் காலடிக்கே வந்துவிட்டது. பிரேக் மிதிக்கு அடியில் அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து, அன்று மாலையே வேலையை முதலிலிருந்து தொடங்க முடிவு செய்தேன்.

இப்போது என் வண்டியில் சேனலே கிடையாது. இழுப்பறையின் இரு பக்கப் பலகைகளிலும், முகப்புப் பலகைக்குச் சற்றுப் பின்னால், கீழ் விளிம்பில் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டியிருக்கிறேன். பெட்டிச் சட்டத்தின் முன் குறுக்குக்கட்டை, உள்ளே இழுப்பறை நகரும் கட்டைகளைவிட அதே அரை அங்குலம் உயரமாக இருக்கும். உள்ளே தள்ளினால் அந்த வெட்டு குறுக்குக்கட்டையின் மேல் ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்ளும், பிறகு எவ்வளவு வேகமாகப் பிரேக் போட்டாலும் வெளியே வராது. எடுக்க வேண்டுமானால் முகப்பைச் சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும். தூக்குவதற்காக மேலே முக்கால் அங்குல இடைவெளி விட மறந்துவிடாதீர்கள். உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் போதும். கடற்காற்றில் துருப்பிடிக்கச் சேனலும் இல்லை என்பது கூடுதல் லாபம். கதவுகளுக்குக் காந்தத்தை நம்பாமல், திருப்பிவிடும் கட்டையோ சாதாரணத் தாழ்ப்பாளோ போடுங்கள்.

பலகை விஷயத்தில் மலிவைப் பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வண்டிக்குள்ளும் ஏறியது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்திருந்த ஒரு தட்டு தண்ணீரில் நனைத்த ரஸ்க்கைப்போல் ஊதி உதிர்ந்தது, பிளைவுட் பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. எட்டடிக்கு நாலடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஏறத்தாழ 35 கிலோ இருக்கும், 12 மி.மீ. பலகை 23 கிலோ அளவில் அடங்கிவிடும். சின்ன வண்டிக்குப் பன்னிரண்டே போதுமானது, பக்கங்களுக்கு அதைவிட மெல்லியதும் தாங்கும். அறுத்த விளிம்புகள் வழியாகத்தான் ஈரம் ஏறும் என்பதால் அவற்றுக்கு இரண்டு கைப் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு பொருத்துங்கள். மல்டிவுட் என்னும் பி.வி.சி. பிளாஸ்டிக் பலகை நனையாது, கனமும் இல்லை. ஆனால் அதிர்வில் அதிலுள்ள ஸ்குரூ வெகு விரைவில் தளர்ந்துவிடுகிறது.

படுக்கைக்கு ரயிலின் சைடு லோயரைப் பாருங்கள். பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை, இரவில் இரண்டின் சாய்மானமும் படுத்து ஒரே படுக்கை. இடம் குறைவான இடத்துக்கு இதைவிடச் சிறந்த யோசனை எனக்குத் தெரியாது. நடுவில் விழும் அந்தப் பிளவு இடுப்பை என்ன பாடு படுத்தும் என்பதும் அதில் படுத்தவர்களுக்குத் தெரியும். என் வண்டியில் பின் இருக்கையின் சாய்மானம் முன்பக்கம் மடங்கும். மடங்கியதும் வரும் மட்டத்துக்குச் சரியாகப் பின்னாலுள்ள பெட்டியின் உயரத்தை வைத்தேன், முன்னால் கால் வைக்கும் பள்ளத்தை ஒரு தனிப்பலகை மூடுகிறது. பகலில் அதே பலகைக்கு மடக்குக் கால்களை விரித்தால் வெளியே மேசையாகிவிடும். பிளவு தெரியாமலிருக்க, துண்டு துண்டாக ஃபோம் வைக்காமல் ஒரே நீள மெத்தையாக விரிக்கிறோம்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் தரையில் புதிதாகத் துளை போடாதீர்கள். கீழே பெட்ரோல் குழாய் போகிறதா, பிரேக் குழாய் போகிறதா என்று மேலிருந்து தெரியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. அதனால் நான் இருக்கையைக் கழற்றவும் இல்லை, பாடியை வெட்டவும் இல்லை. பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, லக்கேஜைப்போல் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். நட்டுகள் எல்லாம், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்விலும் எளிதில் தளராத நைலாக் நட்டுகள். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் எவர்சில்வரிலேயே வாங்கினேன். கனமான தண்ணீர் கேன் தரையில்தான் இருக்க வேண்டும். சமையலுக்குச் சின்ன சிலிண்டர் வைத்துக்கொண்டால், கேஸ் காற்றைவிடக் கனமாகத் தரையிலேயே தங்கும் என்பதால், இரவில் அதை வெளியே இறக்கிவைத்துவிட்டே படுங்கள்.

வேலை முடிந்ததும் சாமான்களை ஏற்றி, மோசமான சாலை ஒன்றில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்ட, என் மனைவி பின்னால் உட்கார்ந்து, சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போட்டார். மொத்தம் பதினொரு குறிகள். ரப்பர் துண்டும் துணியும் வைத்து ஒன்பதை அடக்கிவிட்டேன். மீதி இரண்டும் அவருடைய எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கும் தட்டு. பிளாஸ்டிக் டம்ளருக்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.