‘பாண்டி’ என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டுமா?

தம்பி, உடுமலையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உடன் வேலை செய்யும் மலையாளிகள் உங்களைப் ‘பாண்டி’ என்று கூப்பிடுகிறார்கள். சும்மா விளையாட்டு என்கிறார் ஒருவர். அது வசைச்சொல், விடாதே என்கிறார் அறையில் தங்கியிருக்கும் மதுரைக்காரர். உண்மையான பொருள் என்ன, கோபப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து பாலக்காட்டுச் சித்தூரில் கடை போட்டு, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்தவன். உண்மையான பொருள் என்று ஒன்றைத் தேடி அலையாதீர்கள். கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும்.

திருச்சூர்க்காரர் ஒருவரிடம் கேட்டால் செண்டை மேளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பூரத் திருவிழாவன்று வடக்குந்நாதன் கோயிலில் நடக்கும் இலஞ்சித்தற மேளம் பாண்டி மேளம்தான். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவர் கை காற்றில் தாளம் போடும். வாளையாறு எல்லை தாண்டி வரும் தமிழ்நாட்டு லாரிகள் எல்லாம் டிரைவர்களுக்குப் ‘பாண்டி லோறி’. பழைய ஆட்களுக்கு மலைக்குக் கிழக்கே உள்ளது முழுவதும் பாண்டிதான்; கொங்கு, சோழ நாடு என்ற கணக்கெல்லாம் அவர்களிடம் கிடையாது. உடுமலை எந்தச் சீமை என்று தொழிற்சாலையில் விளக்கப் போகாதீர்கள். ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள்.

உங்களைக் கூப்பிடும் இளைஞர்கள் மனத்தில் இருப்பது இவை எதுவும் இல்லை. எண்ணெய் வழியும் தலை, கறுத்த முகம், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை, கொச்சை மலையாளம்: மிமிக்ரி மேடைகளில் தமிழன் என்றால் இப்படித்தான் வருவான். அந்த உருவம்தான் அவர்களுடைய அகராதி. ஆகவே ‘சும்மா விளையாட்டு’ என்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். மதுரைக்காரர் சொல்வதில் மீதிப் பாதி இருக்கிறது.

இந்தச் சொல்லால் அதிகம் காயப்படுபவர்கள் நம்மைப்போல் வந்தவர்கள் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். அந்த ஊர்கள் உள்ள சித்தூர் தாலுகா அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது எல்லாம் ஒன்றாகிவிட்டது. அவர்கள் எங்கிருந்தும் கிளம்பி வரவில்லை. அப்படிப்பட்ட விவசாயியை அரசு அலுவலகத்தில் ஒருவர் ‘பாண்டி’ என்றால், ‘இது உன் ஊர் இல்லை’ என்றுதான் அவர் காதில் விழும். நமக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம். அவர் எங்கே போவார்?

‘அண்ணாச்சி’ வேறு வகை. நம் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் நெல்லைச் சீமையிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருப்பவர். இங்கே தமிழ் பேசும் யாரும் அண்ணாச்சி. வயதில் மூத்தவர்கள் மரியாதையாகவே சொல்வார்கள், பதிலுக்கு ‘ஏட்டா’, அதாவது அண்ணா என்று கூப்பிடுங்கள். பாலக்காட்டில் சேட்டனைவிட ஏட்டன்தான் நெருக்கம். ஆனால் முதலாளி உங்களை மட்டும் அண்ணாச்சி என்றும் மற்றவர்களைப் பெயர் சொல்லியும் அழைத்தால், அதில் மரியாதையைத் தேட வேண்டாம்.

என் வழி இதுதான்: ‘எனக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு’ என்று ஒரு தடவை, சிரிக்காமல், தனியாகச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டால் அவன் நண்பன். நாலு பேர் முன்னால் இன்னும் சத்தமாகச் சொன்னால் அப்போது கோபப்படலாம், தாராளமாக. ஆனால் பதிலுக்கு ‘மல்லு’ என்று சொல்வது கணக்கைத் தீர்ப்பதாகாது. சில மலையாளிகள் தங்களையே அப்படி அழைத்துக்கொள்வார்கள், சிலருக்கு அதைக் கேட்டாலே எரியும். அத்துடன், அதே தொழிற்சாலையில் ஒடிசாக்காரர், பீகார்க்காரர், அசாம்காரர் எல்லாரையும் மொத்தமாக ‘பெங்காளி’ என்பார்கள். நம் ஆட்களும் சேர்ந்துதான் சொல்கிறார்கள். அரசு ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தினர் என்று எழுதுகிறது. மூட்டை தூக்க வைக்கும் விருந்து!

சித்தூருக்குக் கும்ப மாதத்தில், நம் மாசியில், வாருங்கள், கொங்கன் படைத் திருவிழா பார்க்கலாம். படையெடுத்து வந்த கொங்கனைப் பகவதி வென்ற கதையை ஊரே கூடிக் கொண்டாடும். நாம் இருவரும் கொங்குக்காரர்கள். கதைப்படி எதிரிப் படை. இத்தனை வருடத்தில் அதற்காக என்னை யாரும் முறைத்ததில்லை, கஞ்சிகூடக் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

சொல்லை மாற்றினால் நிலைமை மாறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தலித், பழங்குடிக் குடியிருப்புகளைக் ‘காலனி’ என்று குறிப்பதை நிறுத்தக் கேரள அரசு 2024 ஜூனில் உத்தரவிட்டது. நகர், உன்னதி, பிரக்ருதி என்ற பெயர்கள் வந்தன. 2025இல் தமிழ்நாட்டிலும் அரசுப் பதிவுகளில் இருந்து அந்தச் சொல்லை நீக்கும் அறிவிப்பு வந்தது. அங்கே வாழ்பவர்கள் இதில் ஒரே கருத்தாக இல்லை. இழிவு போகட்டும் என்பவர்களும் உண்டு, தண்ணீர்க் குழாய் வந்தால் போதும் என்பவர்களும் உண்டு. வெளியில் நிற்கும் நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை. ஆனால் மூணாற்றில் 2015இல் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், வேலைநிறுத்தம் செய்தபோது தங்கள் அணிக்குப் ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை என்றே பெயர் வைத்தார்கள். பெம்பிளை என்பது பேச்சுவழக்கில் சற்று மட்டமாகவே புழங்கும் சொல். அவர்களே எடுத்துக்கொண்ட பிறகு அது பெருமைப் பெயராகிவிட்டது.

ஆனால் உங்கள் கோபத்தை நான் சேமித்துவைக்கச் சொல்வது காகிதத்தில் எழுதப்படும் பெயருக்கு. பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஊர் மாறி வந்தவர் அந்த ஒதுக்கீட்டு உரிமையைக் கூடவே கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லிவிட்டது. 1950க்கு முன்பே குடும்பம் இங்கே வசித்ததற்குச் சான்று காட்ட முடியாமல் இடுக்கித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படும் பாடு பெரிது. ‘பாண்டி’ என்ற சொல் வாயோடு போய்விடும்; இது கல்லூரிச் சேர்க்கை வரை வரும். நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை, கேட்கவும் மாட்டேன். எதுவானாலும் உடுமலை தாலுகா அலுவலகச் சாதிச் சான்றிதழின் மூலப்படியைப் பத்திரமாக வைத்திருங்கள். பட்டியல் சாதியென்றால், நாளை உங்கள் பிள்ளைக்கு இங்கே சான்றிதழ் வாங்க அதுதான் அடிப்படை. மத்திய அரசு வேலைக்கும் தமிழ்நாட்டிலும் அது செல்லும், கேரள ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஓணம் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது எடுத்துவந்துவிடுங்கள்.