ஒரு லட்சம் சேமிப்பு, முதல் கேமிங் கணினி: இஎம்ஐ போடலாமா?

கேள்வி: சார், எனக்கு 25 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு 32,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 10,000 அனுப்புகிறேன். அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 12,000. கையில் 1,10,000 ரூபாய் இருக்கிறது, ஆர்.டி. முதிர்ந்து வந்தது. வேறு சேமிப்பு இல்லை. ரொம்ப நாள் ஆசை, ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்ய வேண்டும். நண்பன் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: ரைசன் 5 7600 பிராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி (ஒரே குச்சி), ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட்டோடு வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). மொத்தம் 84,000 ஆகும் என்கிறான். மானிட்டர் பழையது இருக்கிறது, விஜிஏ மட்டும் உள்ளது. பாதியை ரொக்கமாகக் கொடுத்து, மீதி 40,000-க்கு ஒன்பது மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' போடலாமா, அல்லது மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்க்கலாமா? வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவேன். பிறகு யூடியூபில் ஸ்ட்ரீம் செய்யும் எண்ணமும் உண்டு. அதனால் இதை முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா? அப்பா வீண் செலவு என்கிறார்.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். இது முதலீடு இல்லை, செலவு. யூடியூபில் விளம்பர வருமானம் வரவே ஆயிரம் சந்தாதாரர்களும், ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் வழியாகப் போனால் வேறு கணக்கு). வந்தால் சந்தோஷம், வரும் என்று கணக்கில் எழுதாதீர்கள். செலவு என்பதால் தப்பும் இல்லை. மாதம் 10,000 வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆர்.டி. கட்டி முடித்த பையன் தனக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். இதை இப்படியே வாங்கினால் கணினி ஓடாது. மெதுவாக ஓடும் என்று சொல்லவில்லை, ஆன்கூட ஆகாது. ரைசன் 5 7600 உட்காருவது ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் பிராசசரை மாட்டும் இடம்). பி450 போர்டு ஏஎம்4. பழைய ஏஎம்4 பிராசசரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முள் முள்ளாக ஊசிகள் இருக்கும். ஏஎம்5 பிராசசரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், ஊசிகள் போர்டில் இருக்கும். ஒன்று மற்றதில் உட்காரவே உட்காராது. அதோடு ஏஎம்5 முழுக்க டிடிஆர்5 ராமுக்கானது. டிடிஆர்4 குச்சியில் வெட்டு இருக்கும் இடமே வேறு, செருகக்கூட முடியாது. உங்கள் நண்பர் இரண்டு வெவ்வேறு காலத்துப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பிராசசரும் போர்டும் ராமும் பணத்தில் பாதியைத் தின்னும் மூன்று பொருள்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. பெட்டியைப் பிரித்த பிராசசரை எந்தக் கடைக்காரர் முழு விலைக்குத் திரும்ப எடுப்பார்?

இதனால்தான் மாதம் ஒரு பாகமாக வாங்கும் யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆடி மாதம் போர்டு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு கார்த்திகையில் பிராசசர் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். போர்டு முதல் நாளிலிருந்தே பழுதாக இருந்தால் அது கார்த்திகையில்தான் தெரியும். பெரும்பாலான கடைகளிலும் ஆன்லைனிலும் உடனே மாற்றித்தரும் காலம் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்க வேண்டும். வாரண்டியும் பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் மின்சாரம் கொடுத்த நாளிலிருந்து இல்லை. சும்மா கிடக்கும் பாகத்தில் பணத்தைப் போட்டு வைப்பது, வட்டி தராத, உடைந்துபோகவும் வாய்ப்புள்ள ஒரு டெபாசிட்.

அதற்காக மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கட்டமாக வாங்கலாம், ஆனால் முதல் கட்டம் முடிந்த அன்றே உங்கள் மேஜையில் ஓடுகிற ஒரு கணினி இருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

முதலில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று பார்ப்போம். வீட்டுக்கு அனுப்புவதையும் சேர்த்து உங்கள் மாதச் செலவு 22,000. மூன்று மாதச் செலவான 66,000 ரூபாயைத் தொடக்கூடாது. பின்னலாடைத் தொழிலில் ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீதி 44,000. மாதா மாதம் உங்களிடம் மிஞ்சுவது இன்னொரு 10,000.

இந்த 44,000-க்குள் முதல் கட்டம்: ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி. 'ஜி' என்ற அந்த எழுத்தில்தான் விஷயம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், தனி கார்டு இல்லாமலே படம் வரும். ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வரும். வாலரன்ட்டை செட்டிங்கைக் குறைத்து வைத்தால் 1080பி-யில் தாராளமாக ஓட்டும். ஜிடிஏ 5-ம் ஓடும், கண்ணுக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான். இன்டெல்லில் இதற்கு நேர் எதிர் எழுத்து 'எஃப்'. 12400எஃப் என்று வாங்கி, கார்டு இல்லாமல் ஆன் செய்துவிட்டு, மானிட்டர் கறுப்பாக இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

போர்டு பி550. விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஏ520-ம் போதும். இந்தப் பிராசசருக்கு பிசிஐஇ 3.0 (கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பாதையின் வேகத் தரம்) வரைதான் பயன், அதை ஏ520-ம் தரும். பி450 இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5000 வரிசைப் பிராசசரை அடையாளம் காணாது. கடையிலேயே அப்டேட் செய்து, ஆன் செய்து காட்டினால் மட்டும் எடுங்கள். போர்டின் பின்பக்கம் என்னென்ன போர்ட் இருக்கிறது என்றும் பாருங்கள். ஏ520 போர்டுகள் பலவற்றில் விஜிஏ இருக்கும், உங்கள் பழைய மானிட்டரை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

ராம் ஒரே 16 ஜிபி குச்சி வேண்டாம், 8 ஜிபி இரண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு குச்சி போட்டால் பாதை இரண்டாகிறது, விளையாட்டில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 3200 வேகம் என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருக்கும் இடத்தில் ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். அசெம்பிள் செய்பவர்கள் பாதிப்பேர் இதைத் தொடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. 2025 கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே உற்பத்தி போய்விடுவதால் நமக்கு வரும் ராம் சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் விலை போயிற்று. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. நண்பரின் பட்டியலில் இருக்கும் ராம் விலை பழைய விலை. 'ஏஎம்5-தான் எதிர்காலம், அதில் போகலாமே' என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 2027 வரையாவது அந்த சாக்கெட்டை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கான போர்டும் டிடிஆர்5-ம் சேர்ந்தால் உங்கள் 44,000 போதாது. முதல் கணினிக்கு, இந்தச் சம்பளத்துக்கு, ஏஎம்4 போதும் என்பது என் கருத்து.

பிராசசரும் போர்டும் சேர்த்து 20,000, ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் 15,000, எஸ்எம்பிஎஸ், கேபினட்டுக்கு 8,000 என்று மேல்வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ராம் இன்னும் எகிறியிருந்தால் கேபினட்டில் குறையுங்கள். கலர் லைட் எரியாத தகரப் பெட்டியிலும் அதே கணினிதான் ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் குறைக்காதீர்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் அந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து, பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16ஏ என்று இருந்தால் 12 × 16, ஆக 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 450, இல்லாத ஊருக்கு வழி. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியாவே 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. கார்டு தனியாக இழுப்பது 115 வாட்தான், ஆனாலும் அதைத் தாங்க ஒழுங்கான சப்ளை வேண்டும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரையோடு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று), தெரிந்த கம்பெனியின் 550 வாட், குறைந்தது மூன்று வருட வாரண்டி இருப்பதாக இப்போதே வாங்கிவிட்டால் இரண்டாம் கட்டத்தில் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டம் கிராபிக்ஸ் கார்டு. மாதம் மிஞ்சும் 10,000-ஐ மூன்று மாதம் ஒதுக்கினால் 30,000. அதற்குள் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அல்லது அன்றைக்கு அந்த விலையில் இருக்கும் 8 ஜிபி கார்டு ஒன்று. ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர், உங்கள் எஸ்எம்பிஎஸ் அலட்டிக்கொள்ளாது. இந்தப் பிராசசரின் பிசிஐஇ 3.0 பாதையில் வேகம் கொஞ்சம் குறையும், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதை நீங்கள் உணரமாட்டீர்கள். மானிட்டர் என்றதும் ஒன்று: புது கார்டுகளில் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான். எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. ஆகவே 4060-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதி உங்கள் கண்ணுக்கே வராது. அந்தப் பணம் பின்னால் மானிட்டருக்குப் போகட்டும்.

பெயரை மட்டும் பார்த்துக் கார்டு வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு உண்டு, 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. இரண்டாவதில் மெமரி மட்டும் குறைவில்லை, கோர்களும் குறைவு, வேகமும் குறைவு. செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் கார்டு கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகலாக ஓடியதாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியபோது அப்படிப்பட்டவை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. பில்லும் மீதி வாரண்டியும் இல்லாத கார்டை நான் வாங்கச் சொல்லமாட்டேன். அப்புறம், 'ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி வெறும் 18,000' என்று விளம்பரம் கண்ணில் படும். அந்த ஐ7 பெரும்பாலும் 2011, 2012-இல் வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை. கார்டு ஜிடி 730 ஆக இருக்கும். விண்டோஸ் 11-க்கு அந்தப் பிராசசர் தகுதியில்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. வாலரன்ட்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் ஓட மறுக்கும்.

இஎம்ஐ கணக்கைப் பார்ப்போம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடும், விற்பவர் அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருவார். 40,000 ரூபாய், ஒன்பது மாதம், 15 சதவீதம் என்றால் வட்டி சுமார் 2,400. அது தள்ளுபடியில் கழிந்துவிடும். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 430 ரூபாய் உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் தனி. எழுநூறு ரூபாய்க்குள் அடங்கும், பெரிய தொகை இல்லை என்பீர்கள். சரி. நான் பயப்படுவது அதற்கு இல்லை. மாதம் 4,444 ரூபாய் தவணையும், 66,000-க்கு இறங்கிவிட்ட சேமிப்பும் ஒரே நேரத்தில் இருக்கும்போது ஒரு மருத்துவச் செலவு வந்தால், கிரெடிட் கார்டு பாக்கி விழும். அதற்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் அளவில் ஓடும். விளையாட்டுக்காக அந்த இடத்துக்குப் போக வேண்டாம். மூன்று மாதம் வாலரன்ட்டைக் குறைந்த செட்டிங்கில் ஆடுங்கள்.

வாங்கும்போது கோவையில் இரண்டு கடை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை, ஆன்லைனில் ஒரு விலை என்று கேட்டு வைத்துக்கொண்டு, முதல் கட்டம் முழுவதையும் ஒரே கடையில் எடுங்கள். சில நூறு கூடினாலும் பரவாயில்லை. இரண்டு கடையில் வாங்கினால் 'எங்க ராம் நல்லாத்தான் இருக்கு, போர்டுலதான் பிராப்ளம்' என்று உங்களைப் பந்தாடுவார்கள். பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பிராசசர் பெட்டியோடு வருகிறதா, 'ட்ரே' என்று வெறும் சில்லாக வருகிறதா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்குக் கம்பெனியே மூன்று வருடம் வாரண்டி தரும், ட்ரேயில் வருவதற்குக் கடைக்காரரின் வாய்வார்த்தைதான், கூலரும் இருக்காது. கடையிலேயே ஆன் செய்து, ராம் முழுதாகக் காட்டுகிறதா, எக்ஸ்எம்பி போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலிப் பெட்டிகளைப் பரண் மேல் போட்டு வையுங்கள், பின்னால் விற்கும்போது பெட்டியும் பில்லும் உள்ள கார்டுக்குத்தான் நல்ல விலை கேட்பார்கள். ராமின் விலையை மட்டும் வாங்கப் போகும் அன்று காலையில் இன்னொரு முறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.