எரிமலை விளிம்பில் பிள்ளையார் சிலை இருப்பது உண்மையா? புரோமோ மலையைச் சுற்றியுள்ள கதைகள் என்ன?

சிலை இருக்கிறது, நேரில் பார்த்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் பாதியை உதறிவிட்டுத்தான் மீதியை நம்ப வேண்டும்.

"கொதிக்கும் எரிமலையின் வாயில் எழுநூறு ஆண்டுகளாக அமர்ந்து இந்தோனேசியாவையே காக்கிறார் பிள்ளையார்" என்ற அந்தச் செய்தியை என் அம்மாவும் எனக்கு அனுப்பியிருந்தார். நான் பார்த்தது, படிக்கட்டு முடியும் இடத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி, பூ வைத்த ஒரு சிறிய சிலை. எழுநூறு ஆண்டு என்பதற்கு ஆதாரம் எதையும் அங்கே யாரும் காட்டவில்லை. நாட்டையே காக்கிறார் என்பதும் அதிகம். இந்தோனேசியாவில் செயல்படும் எரிமலைகள் மட்டும் 120-க்கும் மேல். (இதே வகையில் வரும் "இந்தோனேசிய ரூபாய் நோட்டில் பிள்ளையார்" செய்தி பழங்கதை. 1998-இல் வந்த அந்த 20,000 ரூபாய் நோட்டு புழக்கத்திலிருந்து போய் வெகு காலம் ஆகிறது.)

எனக்கு அந்த மலையில் பிள்ளையாரைவிட அதிகமாக மனதில் நின்றவர்கள் வலையோடு நின்ற மனிதர்கள். அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புரோமோ கிழக்கு ஜாவாவில் இருக்கிறது. உயரம் 2,329 மீட்டர். பெயரே பிரம்மாதான், ஜாவா வாயில் 'புரோமோ' ஆகிவிட்டது. தனி மலை என்று அதைச் சொல்ல முடியாது. பழைய பெரிய எரிமலை ஒன்று இடிந்து உள்வாங்கியதில் சட்டி போல ஒரு பள்ளம் உண்டாகி, அந்தச் சட்டிக்குள் புதிதாக முளைத்த கூம்புகளில் புரோமோவும் ஒன்று. சட்டியின் தரை முழுவதும் சாம்பல் நிற மணல். உள்ளூரார் அதை 'மணல் கடல்' என்கிறார்கள். செமோரோ லாவாங் கிராமத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் இறங்கினால், முகப்பு விளக்கு வெளிச்சத்தில் மணல் தவிர வேறொன்றும் தெரியாது. குளிர் பல்லைக் கிட்டிக்கும். எங்கள் ஓட்டுநர், அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும் போல, லுங்கியைத் தோளில் போர்வையாக முடிந்திருந்தார்.

இந்தக் கடலில் ஏன் தண்ணீர் இல்லை என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஜாவாவின் பழைய இந்துப் பேரரசான மஜாபாகித்தின் அரச வம்சத்துப் பெண் ரோரோ அன்தெங்கை ஓர் அரக்கன் மணக்கக் கேட்டானாம். மறுக்கப் பயந்தவள், "ஒரே இரவில், சேவல் கூவுமுன் மலை நடுவே கடல் வெட்டு" என்றாள். அவன் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு தோண்டத் தொடங்கினான். நள்ளிரவு தாண்டுவதற்குள் வேலை முடிந்துவிடும் போலிருந்தது. அவள் உலக்கையை எடுத்து நெல் குத்த ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு ஊர்ச் சேவல்கள் விடிந்துவிட்டது என்று கூவிவிட்டன. ஆத்திரத்தில் அவன் வீசியெறிந்த சிரட்டைதான் புரோமோவுக்குப் பக்கத்தில் நிற்கும் பாத்தோக் மலை. 'பாத்தோக்' என்றால் சிரட்டை. விடிந்த பிறகு பார்த்தேன்: வரி வரியாக மடிப்பு விழுந்து, கவிழ்த்துவைத்த சிரட்டையேதான்.

அதே ரோரோ அன்தெங் பிறகு ஜோகோ செகெர் என்பவனை மணந்தாள். பிள்ளை இல்லை. மலையில் தவம் இருந்தார்கள். 25 பிள்ளைகள் தருகிறேன், கடைசிப் பிள்ளையை எனக்குத் தர வேண்டும் என்றது மலை. 25 பிறந்தன, கொடுக்க மனம் வரவில்லை. மலை பொங்கி, கடைசி மகன் கெசுமாவை இழுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டதாம்: எனக்காக அழ வேண்டாம், ஆண்டுதோறும் விளைச்சலில் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று. அன்தெங், செகெர் இரண்டு பெயர்களின் வாலையும் ஒட்டித்தான் 'தெங்கெர்' மக்கள் என்ற பெயர் வந்தது என்கிறார்கள். மஜாபாகித் காலத்து இந்து சமயத்தைத் தங்கள் வழியில் இன்றும் கைவிடாதவர்கள்.

அந்த வாக்கைத்தான் கசாடா விழாவில் நிறைவேற்றுகிறார்கள். தெங்கெர் நாட்காட்டியில் கசாடா மாதத்தின் 14-ஆம் நாள். மணல் கடல் நடுவிலுள்ள போத்தென் கோயிலில் இரவெல்லாம் பூசை. புதிதாகப் பூசாரி ஆக வருபவர்கள் அங்கேதான் மந்திரம் ஒப்பித்துத் தேர்வு பெற வேண்டும். பிறகு கூட்டம் சுமார் 250 படிகள் ஏறி எரிமலை விளிம்புக்குப் போகிறது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஏறினேன். மேலே முதலில் தாக்குவது சத்தம். அடியில் ஒரு ராட்சதக் கொதிகலன் மூச்சு விடுவது போல, நிற்காத இரைச்சல். நூறு தீக்குச்சியை ஒன்றாக உரசிய நெடி தொண்டையில் ஏறுகிறது. முன்னால் நின்ற ஒரு பாட்டி இடுப்புத் துணியிலிருந்து முட்டைக்கோஸ் ஒன்றையும் வெங்காயத்தாள் கட்டு ஒன்றையும் எடுத்து, நெற்றியில் ஒற்றி, உள்ளே எறிந்தார். கோஸ் பாதிச் சரிவு உருளுவதற்குள் மூங்கில் கழியில் கட்டிய வலை ஒன்று குறுக்கே நீண்டு அதைப் பிடித்துவிட்டது.

எட்டிப் பார்த்தால் உள்சரிவில், சாம்பலில் கால் புதைய, வரிசையாக ஆட்கள். கோழி வந்தாலும் காசு வந்தாலும் பாய்ந்து பிடிக்கிறார்கள். வழுக்கினால் கீழே எரிமலை வாய். எனக்குக் கோபம் வந்தது. படையலை இப்படி வழிமறிக்கலாமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பாட்டி கொடுத்தது மலைக்கு. மலை அதை அவனுக்குக் கொடுத்தது. உங்களுக்கு என்ன?" என்றார். பாட்டியும் கோஸ் போன திசையைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே செமேரு புகைந்துகொண்டிருந்தது. 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரம். நம் மேருதான். தள்ளாடிக்கொண்டிருந்த ஜாவாத் தீவை ஆணியடித்து நிறுத்த, பாரத நாட்டிலிருந்து தேவர்கள் மேருவைப் பெயர்த்து வந்ததாகப் பழைய ஜாவா மொழி நூலான 'தந்து பங்கெலாரன்' சொல்கிறது. விஷ்ணு ஆமையானார், பிரம்மா பாம்பானார். மேற்கே வைத்தால் தீவு ஒரு பக்கம் சாய்ந்தது, கிழக்கே நகர்த்தினார்கள், வழியெல்லாம் சிந்திய துண்டுகள் மலைகளாயின. எரிமலைகள் ஜாவாவின் நெடுக மேற்கு கிழக்காக வரிசையில் நிற்பதைக் கண்டவர்கள் சொன்ன கதை. தெற்கே கடலடித் தட்டு ஜாவாவுக்குக் கீழே செருகிக்கொண்டு போவதும், அதோடு இறங்கும் நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைப்பதும்தான் அந்த வரிசைக்குக் காரணம் என்பது நமக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆணி அடித்தும் நிலம் அடங்கவில்லை. 2021 டிசம்பர் 4-இல் செமேரு வெடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புரோமோவும் சாதுவல்ல. 2004-இல் கல் தெறித்து இருவர் பலி. போகிறவர்கள் எச்சரிக்கை நிலையைக் கேட்டுவிட்டுப் போங்கள். மூக்கை மூட நல்ல துணி வேண்டும்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயா?" இல்லை என்றேன். பாத்தோக் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அரக்கனை விட்டுவிட்டு, "நடுராத்திரியில் நெல் குத்தியிருக்கிறாள், கெட்டிக்காரி" என்றார்.