சாரி சொன்னால் ‘வெல்கம்’ சொல்லலாமா?

மலேசியாவில் பகாவ் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கும் தங்கச்சி கேட்கிறார்: “வெளிநாட்டு இன்ஜினியர் ‘சாரி ஃபார் த டிலே’ என்றார். நான் பதற்றத்தில் ‘யூ ஆர் வெல்கம்’ என்றுவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் என்னதான் சொல்லியிருக்க வேண்டும்?”

தங்கச்சி, அது நன்றிக்குச் சொல்கிற பதில். சாரிக்குச் சொன்னால், ‘தாராளமாக லேட்டா வாங்க’ என்பது மாதிரி கேட்கும். நமக்கு இந்தக் குழப்பம் மலாய் மொழியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். தெரிமா காசி என்று நன்றி சொன்னாலும் பதில் சாமா-சாமா, நோன்புப் பெருநாளில் மாஆஃப் சாஹிர் பாத்தின் என்று மன்னிப்பு கேட்டாலும் சாமா-சாமா, கொஞ்சம் விளையாட்டாக என்றால் கோசோங்-கோசோங் (சைபருக்குச் சைபர்), கணக்கு தீர்ந்தது. ஆங்கிலத்தில் அப்படி ஒரே சொல்லை இரண்டு பக்கமும் ஓட்ட முடியாது.

லோரி தாமதம், கைபட்டுத் தேத்தண்ணீர் கொட்டியது போன்ற சில்லறை விஷயங்களுக்கு தட்ஸ் ஓகே, நோ ப்ராப்ளம், நோ வொரிஸ், எதுவும் போதும். தட்ஸ் ஆல் ரைட்டும் சொல்லலாம், ஆனால் நடுவில் இருக்கும் ‘ஆல்’ விழுந்து தட்ஸ் ரைட் ஆகிவிட்டால் ‘ஆமாம், தப்பு உங்களோடதுதான்’ என்று ஆகிவிடும். நம் ஊரில் எல்லாரும் சொல்கிற நெவர் மைண்ட் தப்பில்லை, மலாயில் பரவாயில்லை என்பதற்குச் சொல்கிற தாக் அப்பா மாதிரிதான் நாம் சொல்கிறோம், ஆனால் முகம் தெரியாத போனில் அது ‘சரி விடுங்க, உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது’ என்றும் ஒலிக்கலாம்.

மனம் நொந்த விஷயம் வேறு. செய்யாத தவறுக்கு எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, மறுநாள் மேனேஜர் சாரி சொல்கிறார். அதற்கு ‘இட்ஸ் ஓகே லா’ என்றால் நடந்ததே சரி என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. ‘தேங்க் யூ ஃபார் சேயிங் தட்’ என்று மட்டும் சொல்லுங்கள், மன்னிப்பு கேட்டதை மதிக்கிறீர்கள், அவ்வளவுதான். தெம்பு இருந்தால், ‘நெக்ஸ்ட் டைம் ப்ளீஸ் ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட்’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அபாலஜி அக்செப்டட் இலக்கணப்படி சரிதான், ஆனால் நேரில் சொன்னால் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும், கூட்டாளிகளோடு கேலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், துக்க வீட்டு சாரி. என் அம்மா இறந்தபோது சீன நண்பர் ஒருவர் ‘ஐ அம் சோ சாரி’ என்று கையைப் பிடித்தார், நான் ‘இட்ஸ் ஓகே, நாட் யுவர் ஃபால்ட்’ என்றேன்! அவர் மன்னிப்பா கேட்டார், துக்கத்தில் பங்கெடுத்தார். அங்கே தேங்க் யூ ஒன்றே போதும்.

உங்கள் இன்ஜினியரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். அவர் அடுத்த வாரமும் லேட்டாகத்தான் வருவார், அப்போது நோ ப்ராப்ளம் என்று சொல்லிக்கொள்ளலாம்.