உடுப்பைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மகன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறான், சுமாரான மதிப்பெண். வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து பையனுக்கு அதுதான் உலகம். துணி வெட்டுவது, தைப்பது சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறான். சித்தப்பாவோ தெரிந்த ஆள் மூலமாக ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே பேசி வைத்துவிட்டார். நாலு வருடத்துக்கும் விடுதியோடு சேர்த்து 9 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று பேச்சு. "டெய்லர் வேலைக்கு யாராவது காலேஜ் போவாங்களா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அத்தை கேட்கிறாராம். அப்பா சொன்னது இது: "நான் காக்கி போட்டுப் பட்டதெல்லாம் போதும். என் பையன் இன் பண்ணி, ஷூ போட்டு, கழுத்துல டேக் மாட்டிட்டு வேலைக்குப் போகணும்."

அம்மா, பதற்றப்படாதீர்கள். ரிசல்ட் வந்த வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கத்தான் செய்யும். ஆறுதல் அவ்வளவுதான். மற்றதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் என்ன சொல்லித் தருவார்கள், உங்கள் பையனுக்கு அது வருமா என்று ஒரு வரிகூட இல்லை. ஷூ இருக்கிறது, டேக் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பது இருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பது ஒரு உடுப்பைத் தேர்ந்தெடுக்கிற வேலை. அந்த உடுப்புக்கு விலை 9 லட்சம்.

உங்கள் வீட்டுக்காரரின் ஆசையைத் தவறென்று சொல்லமாட்டேன். காக்கிச் சட்டையோடு பேங்குக்குப் போனால் எப்படிப் பேசுகிறார்கள், அதே மனுஷன் வெள்ளைச் சட்டையோடு போனால் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊரில் உடுப்பு சாதாரண விஷயமாக இருந்ததே இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, தோளில் சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-இல் மன்னர் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே விதத்தில் உடுத்தக் கூடாது. துணி போடலாம், ஆனால் பார்த்தவுடன் யார் என்று தெரிந்துவிட வேண்டும்! அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாக நின்றதற்கும், இன்று ஊர் ஊராக அவர் சிலை நீலக் கோட்டோடு நிற்பதற்கும் அர்த்தம் இருக்கிறது. அவ்வளவு ஏன், 2014-இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அதற்குப் பிறகுதான் வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

அதனால் உடுப்பை வைத்து மனுஷனை எடைபோடுகிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முழு உண்மை. அந்த உண்மையிலிருந்து அவர் போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை. உடுப்புக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்றால், அதை வெட்டத் தெரிந்தவன் கையில் இருப்பது பெரிய தொழில். அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறோம்.

முதலில் பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்டக்டர் சம்பளத்தில் ஓடும் குடும்பம், இருக்கிற ஒரே வீட்டை வைத்து, பையனுக்கு விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கக் கூடாது. வழக்கமான கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை, 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து கேட்கின்றன. 9 லட்சம் என்றால் பத்திரம் கேட்பது அதனால்தான். பையனுக்கு உண்மையிலேயே பொறியியல் ஆசை இருந்தாலும் இந்தப் பணம் தேவையில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். கலந்தாய்வை விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு எதற்குப் போகிறார்கள் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.

அடுத்தது பையன். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தீர்கள். அப்பா பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் மேலே ஏறி, பேன்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும், அக்குளில் அடிக்கடி கிழியும். பையன் அந்தச் சட்டையின் அக்குளைப் பிரித்து, பழைய காக்கி பேன்ட்டிலிருந்து சாய்சதுரமாக ஒரு துண்டு வெட்டி வைத்துத் தைத்தான். அதற்கப்புறம் சட்டை ஏறுவதில்லை, கிழிவதும் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "கை தூக்கும்போது துணி எங்கே பத்தலன்னு பாத்தேன்" என்றானாம்.

அம்மா, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தைக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அசைகிற உடம்பைப் பார்த்து, துணி எங்கே பற்றவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆடைத் தொழிலில் இவர்களைப் பேட்டர்ன் மேக்கர் என்பார்கள். திருப்பூரில் பேட்டர்ன் மாஸ்டர். இந்த வேலை இருப்பதே பல ஆசிரியர்களுக்குக்கூடத் தெரியாது. ஃபேஷன் என்றாலே டிசைனர், மேடை, மாடல் என்றுதான் நினைக்கிறார்கள்.

வெளிநாட்டு பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவர், ஒரு டி-ஷர்ட்டின் படமும் அளவுகளும் அடங்கிய டெக் பேக்கை அனுப்புகிறார். அது வெறும் தாள். அதிலிருந்து முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டை என்று ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் வரைந்து எடுப்பது பேட்டர்ன் மேக்கர். உடம்பு வளைந்தது, துணி தட்டையானது. தட்டையானதை வளைந்ததற்கு எப்படிப் போர்த்துவது என்பதுதான் அவர் தினமும் போடும் கணக்கு. மார்பில் எத்தனை சென்டிமீட்டர் தளர்வு விட வேண்டும், அக்குள் வளைவு எவ்வளவு ஆழம், தோள் எவ்வளவு சரிவு, துணியின் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டும். துணி சுருங்கும். துவைத்த பிறகு 70 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், துணி 5 சதவீதம் சுருங்கும் என்றால் 70-ஐ 0.95-ஆல் வகுத்து 73.7 என்று வெட்ட வேண்டும். 70-இல் 5 சதவீதத்தைக் கூட்டி 73.5 என்று வெட்டுபவருக்குக் கணக்கு இடிக்கும்.

அப்புறம் சாம்பிள் தைத்து பையருக்குப் போகும். கழுத்து அரை சென்டிமீட்டர் இறக்கம், கை திரும்புகிறது என்று குறை வரும். எந்தத் துண்டை எங்கே தொட்டால் அந்தக் குறை போகும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த ஆர்டரையே காப்பாற்றுகிறவர். ஒரு அளவு சரியானதும் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை பெருக்கிக் குறைப்பது கிரேடிங். எல்லாத் துண்டுகளையும் துணியில் இடம் வீணாகாமல் அடுக்குவது மார்க்கர். பின்னலாடைத் துணிக்கு கிலோ கணக்கில்தான் விலை. ஒரு டி-ஷர்ட்டுக்கு 10 கிராம் மிச்சம் பிடித்தால் பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு 100 கிலோ. இதையெல்லாம் இப்போது கெர்பர், லெக்ட்ரா போன்ற மென்பொருள்களில் செய்கிறார்கள். க்ளோ என்ற முப்பரிமாண மென்பொருளில் திரையிலேயே உருவத்துக்கு மாட்டிப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் உறவினர்களின் ஆசை என்றால், இங்கேயும் கம்ப்யூட்டர் இருக்கிறது.

இந்த வேலைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஜவுளிக்கடை டிரயல் ரூமில் பட்டன் மூடாத சட்டையோடு நின்று தன் உடம்பைத் தானே வெறுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! தோள் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கும், வயிறு சரியாக இருந்தால் கை விரலை மூடும். பிள்ளை தன் உடம்பைக் குறை சொல்கிறது. குறை அளவு அட்டவணையில் இருக்கிறது. இந்திய உடம்புக்கென்று சொந்த அளவு அட்டவணை இல்லாமல், அமெரிக்க, பிரிட்டன் அளவுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் நம் கம்பெனிகள் இத்தனை காலம் தைத்தன. இதை மாற்றத்தான் மத்திய ஜவுளி அமைச்சகத்துக்காக, ஃபேஷன் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை எடுத்து, சுமார் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் வேலையில் இறங்கியது. நம் ஊர்க்காரர்களின் தோளுக்கும் இடுப்புக்கும் பொருந்துகிற மாதிரி வெட்டத் தெரிந்த ஆட்கள் இனிமேல்தான் நிறையத் தேவைப்படுவார்கள்.

சரி, எப்படிப் படிப்பது? சென்னை தரமணி நிஃப்ட் நல்ல இடம்தான். ஆனால் நாலு வருடச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டிவிடும், உங்களுக்கு அது வேண்டாம். கோவை, திருப்பூர் வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் என்ற மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம், கட்டணம் மிகக் குறைவு. உங்கள் பையன் அரசுப் பள்ளி மாணவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். பையன்களைச் சேர்ப்பார்களா, எந்த குரூப் கேட்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியில் நேரில் கேட்டுவிடுங்கள். பட்டப் படிப்பு மட்டும் போதாது. ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏ.டி.டி.சி. மையம் திருப்பூரில் இருக்கிறது. பேட்டர்னும் அதற்கான கம்ப்யூட்டர் பயிற்சியும் சொல்லித்தருகிறார்கள். பட்டப் படிப்பின் நடுவிலோ முடிவிலோ அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு விடுமுறையிலும் ஏதாவது ஒரு கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் சும்மாவாவது போய் நிற்கட்டும். இன்டர்வியூவுக்கு டை எல்லாம் வேண்டாம். தானே வெட்டித் தைத்த, உடம்பில் பொருந்திய ஒரு சட்டையோடு போகட்டும், கையில் தான் வரைந்த பேட்டர்ன் தாள்கள் இருக்கட்டும். சாம்பிள் செக்‌ஷன்காரர்கள் முதலில் பார்ப்பது தோள் தையலைத்தான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஷிப்மென்ட் நேரத்தில் வீட்டுக்கு வர இரவாகும். ஏற்றுமதியை நம்பிய தொழில் என்பதால் அடியும் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் திணறியது. ஆனால் கைத்தொழில் தெரிந்தவனுக்கு உள்நாட்டு பிராண்டுகள் இருக்கின்றன, பள்ளிச் சீருடை இருக்கிறது, மருத்துவமனை உடுப்பு இருக்கிறது, சொந்தக் கடை இருக்கிறது. விருப்பமில்லாமல் படித்து, அரியர் வைத்து, கடனோடு வெளியே வருகிற பையனுக்கு அந்த வழிகள் இல்லை. அப்படி வந்து என் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அத்தையின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பொண்ணு கொடுப்பதற்கு நாலைந்து வருடம் இருக்கிறது. அதற்குள் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும், பையன் கையில் வேலை இருக்கும். ஆம்பிளைப் பையன் தையல் மெஷினில் உட்காரலாமா என்று யாராவது கேட்டால், ஊரில் கோட்டு தைத்தவரும் காக்கி தைத்தவரும் பெரும்பாலும் ஆம்பிளைகள்தான் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, நீங்கள் பட்ட அவமானத்தை உங்கள் பையன் பார்த்து வளர்ந்திருக்கிறான். அவன் உங்கள் சட்டையைத்தான் முதலில் எடுத்துச் சரிசெய்திருக்கிறான். அவனை அந்த மெஷினிலிருந்து எழுப்பாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்துப் போட்டுவிடுங்கள். ஒரு விடுமுறை நாளில் அப்பாவும் மகனுமாகத் தாராபுரம் வழியாகத் திருப்பூர் போய், தெரிந்தவர் மூலமாக ஒரு சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துவிட்டு வரட்டும். சித்தப்பா பேசிய கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதோடு உடனே எழுதுங்கள், திரும்பக் கேட்கும் வழியைச் சொல்கிறேன்.