ஒற்றைச் செருப்போடு வந்த அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. நெடுநாள் சர்க்கரை நோயாளி. இப்போதெல்லாம் நடக்கும்போது எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை, தரையையே பார்த்துக்கொண்டு போகிறார். போன மாதம் மத்தியானம் சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். கழன்றதே தெரியவில்லையாம். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இது வீம்பா, மறதி நோயா?
– ஈரோடு வாசகர்

பதில்: வீம்பா, மறதி நோயா என்று கேட்டுவிட்டு, செருப்பைச் சிரிப்போடு தாண்டிவிட்டீர்கள். மத்தியான வெயிலில் தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார், சூடு உறைக்கவில்லை. சிரித்து முடித்த பிறகாவது அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சர்க்கரை நோய் நாள்படப் பாதத்து நரம்புகளை அரித்துவிடும். கால் எங்கே பட்டது, விரல் எப்படி மடங்கியது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. நீங்களும் நானும் நினைக்காமலே நடக்கிறோம். உங்கள் அம்மா ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கவனம் முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. அப்போது பின்னாலிருந்து சாவி எங்கே என்று கேட்டால் காதில் எப்படி விழும்? பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் விழும் அபாயம் அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள்.

முகத்துக்குச் சோப்புப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். கண்ணை மூடியதும் தள்ளாடினால் சந்தேகம் வலுக்கிறது. மறதி நோய் உண்டா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும், முதலில் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், தட்டினால் அதிரும் இசைக்கவை என்ற உலோகக் கவட்டையை விரலில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு விடாதீர்கள். பின்வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவெல்லாம் விளக்கு எரியட்டும், இருட்டில் அவருக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. தினமும் இரவு கீழே உட்கார்ந்து, விரலிடுக்கு உட்பட இரு பாதங்களையும் நீங்களே பாருங்கள். மனைவி தலையில் கட்டாதீர்கள். பெற்றவளின் காலைப் பிடித்துப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். லீவு கிடைக்கவில்லை என்று அடுத்த கடிதம் எனக்கு வரக் கூடாது.