எட்டு நாள் தள்ளிய சிலிண்டர்

அன்புள்ள அக்கா,

விலைவாசி ஏறினால் பெண்களுக்குத்தான் அதிக அடி என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்றா விற்கிறார்? சம்பாதித்துக் கொடுக்கிறவன் நான், பற்றாக்குறையும் என் தலைவலிதான். பெண்களுக்காவது மாதம் 1000 ரூபாய் வருகிறது, டவுன் பஸ்ஸும் இலவசம்.

– ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

கடையில் விலை ஒன்றுதான், சரி. உங்கள் தலைவலியும் பொய்யில்லை. நான் எழுதியது, நீங்கள் கொடுத்த பணம் அடுப்படிக்குள் போன பிறகு நடப்பதை.

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஓர் அக்கா கல்யாணங்களுக்குக் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் அதிரசமும் செய்து கொடுக்கிறார். அட்வான்ஸ் வாங்கும்போது பேசியதுதான் விலை. நடுவில் எண்ணெய் ஏறினால் அது அவர் பாடு. அதனால் பலகாரத்துக்குக் கொல்லையில் விறகடுப்பு; கண் எரிச்சலுக்குக் கணக்கில்லை. "இந்தத் தடவை சிலிண்டரை எட்டு நாள் தள்ளிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். ராத்திரி மற்றவர்களுக்குத் தோசை, அவருக்கு மத்தியானச் சோற்றில் தண்ணீர். "குழம்பு பத்தலேன்னு கடைசியிலதானே தெரியும், கடைசியில சாப்பிடுறது நான்."

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. அத்தனையும் விலைவாசியின் வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடைசித் தட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இலவசப் பஸ் நல்ல திட்டம், மறுக்கவில்லை. அந்த அக்கா அதில் ஏறி, காய் மலிவாகக் கிடைக்கும் சந்தைக்குப் போகிறார், அதுவும் சந்தை கலையும் நேரம் பார்த்து. மிச்சம் முப்பது ரூபாய், போனது அரை நாள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் சம்பளமில்லாமல் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97. கையில் காசு குறைந்தால் அந்த 299தான் நீளும்.

அப்புறம் அந்த 1000. 2023 செப்டம்பரில் அது வரத் தொடங்கியதும், அவர் கணவர் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் சரியாக ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டார்.

நம் ஊரில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் சிக்கனத்தைப் புகழாத மேடை இல்லை. கல்யாணமான மகனை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்போடு 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒதுக்கியதற்குள் ஓட்டிக் காட்டுவது மருமகளின் சமர்த்து. இந்தப் புகழில் ஒரு வசதி உண்டு: சமர்த்துக்காரிக்குப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை!

சிலிண்டர் வந்த குறுஞ்செய்தி உங்கள் போனுக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். கடைசி நான்கைந்து தேதிகளைப் பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால், எப்படிக் கூடியது என்று வீட்டில் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா